பள்ளத்தில் இறங்கும் முன்...

தலைப்பைப் பார்த்ததும் "ஐயோ, மலரிலுமா சாயில் மெக்கானிக்ஸ்!" என்று பக்கத்தைப் புரட்டப் போகும் மெக்கானிக்கல் நண்பர்களே, எலக்ட்ரிகல் நண்பர்களே, ஒரு நிமிஷம்! கவிதைகளும் ஜோக்குகளும் அடுத்தடுத்த பக்கங்களில்தான் இருக்கின்றன, எங்கேயும் ஓடிப்போகாது. நான் சொல்லப் போவது பள்ளத்தைப் பற்றி. நாளைக்கு நீங்கள் ஒரு ஃபாக்டரியில் மெஷின் ஃபவுண்டேஷன் போட்டாலும் சரி, தெருவில் கேபிள் புதைத்தாலும் சரி, உங்களுக்காக யாரோ ஒருவர் பள்ளத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே இது சிவில்காரன் சமாசாரம் மட்டும் இல்லை.

கட்டிடம் என்றதும் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். எத்தனை மாடி, என்ன பெயிண்ட், லிஃப்ட் உண்டா என்று கேட்கிறோம். ஆனால் எந்தக் கட்டிடமும் முதலில் கீழே போய்விட்டுத்தான் மேலே வருகிறது. வானம் தோண்டாமல் வீடு ஏது? அந்த வானத்துக்குள் நிற்கிறவரைத்தான் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

எனக்கு எட்டிப் பார்க்க ஒரு காரணம் இருந்தது. என் அப்பா மண் வேலைக்காரர். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து 22 வருஷமாக மண்வெட்டியும் கடப்பாரையுமாக இருப்பவர். நம் பாலிடெக்னிக் அட்மிஷன் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதினோம். அந்தக் கட்டத்தில் அதற்குமேல் எழுத இடமும் இல்லை.

2024 ஜூன் மாதம் இம்ப்ளாண்ட் டிரெயினிங் தேடி நாம் எல்லோரும் அலைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அப்பாவின் மேஸ்திரி சொல்லி ஒரு சைட் கிடைத்தது. மேற்கு மாம்பலத்தில் ஒரு கிரவுண்டு மனை. பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழே கார் நிறுத்த இடம் விட்டு மேலே நாலு மாடி. மேலே பேப்பரும் டேப்புமாக நான். கீழே பள்ளத்தில் அப்பா. இப்படி ஒரு டிரெயினிங் நம் செட்டில் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது!

மாம்பலத்து மண்

சென்னை மண் ஒரே மாதிரி மண் இல்லை. திருவான்மியூர், சாந்தோம், தண்டையார்பேட்டை என்று கடலோரம் போனால் மணல். கிண்டி, சைதாப்பேட்டையில் சில பக்கம் தோண்டினால் பாறை. தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணாநகர், பெரம்பூர், விருகம்பாக்கம் எல்லாம் களி. அதிலும் தி.நகர் பிறந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவாக்கிய நகர் அது. ஏரி போய்விட்டது, ஏரியின் குணம் அடியில் இருக்கிறது.

களிமண் துகள் 0.002 மில்லி மீட்டருக்கும் சிறியது என்று பரீட்சைக்குப் படித்தோம். அந்தப் பொடிக்குள் தண்ணீர் புகுந்தால் சுலபத்தில் வெளியே வராது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பத்து கிராம் மண்ணைத் தண்ணீரிலும், பத்து கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் வைத்து, எது எவ்வளவு உப்பியது என்று லேபில் பார்த்தோமே, அந்த ஃப்ரீ ஸ்வெல் டெஸ்ட் இதற்காகத்தான். இந்த உப்பலுக்குப் பயந்துதான் ரூர்க்கி கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் 1950-களில் கரிசல் மண்ணுக்கென்று அடியில் குமிழ் வைத்த அண்டர்-ரீம்டு பைல் முறையை வளர்த்தெடுத்தார்கள்.

இதெல்லாம் முடிந்த கட்டிடத்துக்கு. கட்டிக்கொண்டிருக்கும்போது களிமண் செய்யும் வேலையே வேறு. மணலில் பள்ளம் தோண்டினால் அது உடனே சரிந்து, "நான் நிற்க மாட்டேன்" என்று நேர்மையாகச் சொல்லிவிடும். களிமண் அப்படிச் சொல்லாது. ஜேசிபி வெட்டிய வெட்டு சுவர் மாதிரி, அல்வாத் துண்டு மாதிரி, வழுவழுவென்று நிற்கும். பார்க்கிறவருக்குத் தைரியம் வந்துவிடும். "சார், பாருங்க, மண்ணு என்னமா நிக்குது! முட்டு எதுக்கு?" என்று மேஸ்திரி கேட்பார்.

அப்பாவின் லேப்

எங்கள் சைட்டில் பைல் வேலை முடிந்து, பைல் கேப்புக்கு 5 அடி வரை ஜேசிபி வெட்டிவிட்டது. மிச்சம் இருந்தது சம்ப். பின்பக்க மூலையில், பக்கத்து வீட்டை ஒட்டி, 12 அடி நீளம், 8 அடி அகலம், 10½ அடி ஆழம். பைல் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்ததால் ஜேசிபி அந்த மூலைக்குப் போக முடியாது. ஆள் வைத்துத்தான் வெட்ட வேண்டும். அப்பாவோடு ஐந்து பேர்.

முதல் நாள் இறங்குவதற்கு முன்னால் அப்பா ஒரு காரியம் செய்தார். ஒரு பிடி மண்ணை எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்துத் திரித்தார். முறுக்குத் திரி மாதிரி மெல்லிசாக நீண்டது, உடையவில்லை. "தம்பி, திரி அந்துச்சுன்னா பொறை மண்ணு. அறாம நீண்டா நல்ல களி. இதுல மழை விழுந்தா நம்மள நம்ப மாட்டேன்னுடும்" என்றார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் மண்ணை உருட்டி, 3 மில்லி மீட்டர் திரியில் உடைகிறதா என்று பார்ப்பதுதானே நம் பிளாஸ்டிக் லிமிட் டெஸ்ட்! அதற்கு நாம் ரெக்கார்டு எழுதி, கையெழுத்து வாங்கி, வைவாவில் திணறினோம். அப்பாவுக்கு உள்ளங்கைதான் கண்ணாடித் தகடு.

"ஏன்ப்பா, வெட்டின அன்னைக்கு நல்லா நிக்கிற மண்ணு ஏன் நாலு நாள் கழிச்சு சரியுது?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்: "புதுசா வெட்டினப்ப அது மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கும்டா. எவ்ளோ நேரம் புடிக்கும்? விட்டுத்தானே ஆவணும்."

இதையே நம் புத்தகம் வேறு பாஷையில் சொல்கிறது. வெட்டி எடுத்ததும் மேலிருந்த பாரம் குறைகிறது. களிக்குள் இருக்கும் துளை நீரின் அழுத்தம் குறைந்து, ஒரு உறிஞ்சல் உண்டாகி, துகள்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. நாளாக ஆக அக்கம்பக்கத்து ஈரம் மெல்ல மெல்ல உள்ளே வர, அந்தப் பிடி தளர்கிறது. மண்ணின் வலு குறைகிறது. ஆகவே களிமண் வெட்டில் நேற்று நின்றது இன்றைக்குச் சாட்சி ஆகாது. நாள் போகப் போக ஆபத்து கூடும். அப்பா சொன்ன மூச்சுக் கணக்கு நூற்றுக்கு நூறு சரி.

கணக்கு என்ன சொல்கிறது?

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சாயில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்கன்ஃபைன்ட் கம்ப்ரஷன் டெஸ்டில் மண்ணின் வலு சதுர மீட்டருக்கு 40 கிலோ நியூட்டன். அதில் பாதி கோஹிஷன், அதாவது சி = 20. மண்ணின் எடை, காமா = கன மீட்டருக்கு 18 கிலோ நியூட்டன்.

முட்டு இல்லாமல் செங்குத்தாக எவ்வளவு ஆழம் நிற்கும்? நான்கு சி-யைக் காமாவால் வகுக்க வேண்டும். 80-ஐ 18-ஆல் வகுத்தால் 4.4 மீட்டர். எங்கள் சம்ப் 10½ அடி, அதாவது 3.2 மீட்டர். "அப்பாடா, நிற்கும்!" என்று தோன்றும். பரீட்சையாக இருந்தால் இரண்டு கோடு போட்டு விடையை முடித்திருக்கலாம்.

ஆனால் அதே பாடத்தில் அடுத்த பத்தி இருக்கிறதே! களிமண்ணுக்கு இழுவையைத் தாங்கும் சக்தி கிடையாது. வெட்டின கரைக்குச் சற்று உள்ளே தள்ளி, கரைக்கு இணையாக, மேலிருந்து ஒரு விரிசல் விழும். அந்த விரிசல் இரண்டு சி பை காமா ஆழம் வரை, எங்கள் மண்ணில் 2.2 மீட்டர் வரை, போகலாம். விரிசல் விழுந்துவிட்டால் நிற்கும் உயரம் நான்கு சி பை காமாவிலிருந்து 2.67 சி பை காமாவாக இறங்கிவிடும். போட்டுப் பார்த்தேன்: 2.97 மீட்டர். எங்கள் பள்ளம் 3.2 மீட்டர்.

இன்னும் இரண்டு விஷயம். மழையில் நனைந்து சி-யின் மதிப்பு 12-க்கு இறங்கினால் நிற்கும் உயரம் 1.78 மீட்டர்தான், ஆறு அடி கூட இல்லை. விரிசலுக்குள் தண்ணீர் நின்றால் அந்தத் தண்ணீரும் சேர்ந்து கரையைத் தள்ளும். அடுத்தது, கரை ஓரத்தில் அள்ளிப் போடும் மண். ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவித்தால், ஏறக்குறைய இன்னொரு மீட்டர் ஆழம் தோண்டியதற்குச் சமம். குறுகலான மனையில் மண்ணை வேறு எங்கே போடுவது? பகலில் எங்கள் தெருவுக்குள் டிப்பர் வர முடியாது. ராத்திரி வந்து அள்ளும் வரை மண் பள்ளத்தின் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கும்.

இந்தக் குவியல் எவ்வளவு என்பதற்கும் ஒரு கணக்கு பாருங்கள். 30 அடிக்கு 60 அடி இடத்தை 8 அடி ஆழம் வெட்டினால் 14,400 கன அடி, அதாவது 144 யூனிட். களிமண் வெட்டி எடுத்ததும் பொதபொதவென்று உப்பும். 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 187 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 62 நடை! எஸ்டிமேட்டில் 48 நடை என்று போட்டவர் மிச்சம் 14 நடை மண்ணை எங்கே வைப்பார்? கரையில்தான்.

மத்தியப் பொதுப்பணித் துறை விவரக் குறிப்பு, வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இதில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிப் போடு என்கிறது. ஐ.எஸ். 3764, 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான மண் பள்ளத்துக்கு முட்டும் பலகையும் கொடு என்கிறது. இரண்டையும் நாம் படித்திருக்கிறோம். மார்க்கும் வாங்கியிருக்கிறோம்.

மாமி வீட்டுக் கதவு

பக்கத்து வீடு ஓர் ஓட்டு வீடு. சுண்ணாம்புக் காரைச் சுவர். அங்கே ஒரு மாமி தனியாக இருந்தார். மூன்றாம் நாள் காலை காம்பவுண்டுக்கு மேலே எட்டி என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்டாப்பா, நீதானே இஞ்சினீயர்? நேத்து வரைக்கும் இந்தக் கொல்லைக் கதவு நன்னா சாத்திண்டிருந்தது. இன்னிக்குத் தரையில உரசறது. நீங்க என்னத்தையோ தோண்டறேளே, அதனாலயா?"

நான் இஞ்சினீயர் இல்லை, டிரெயினி என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதில் ஆகாதே! சைட் இஞ்சினீயரிடம் ஓடினேன். அவரும் நம்மைப் போல டிப்ளமோக்காரர்தான், நமக்கு ஏழெட்டு செட் சீனியர். அவர் வந்து பார்த்தார். சுவர் விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதினார். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டினார். "கண்ணாடி உடைஞ்சா சுவர் இன்னும் நகருதுன்னு அர்த்தம். மாமி, காலையில சாயங்காலம் ரெண்டு வேளையும் பார்த்து இந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க" என்றார்.

மாமி வீட்டு அஸ்திவாரம் 4 அடி ஆழம்தான் இருந்தது. எங்கள் சம்ப்பின் அடி 10½ அடி. வித்தியாசம் 6½ அடி. பக்கத்துப் பக்கத்து அஸ்திவாரங்கள் வெவ்வேறு மட்டத்தில் இருந்தால், களிமண்ணில், கீழே 1 என்றால் தள்ளி 2 என்ற சரிவுக்குள் இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 1904. அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 13 அடி இடைவெளி வேண்டும். எங்களுக்கு இருந்தது 5 அடி. அதாவது மாமியின் வீடு எந்த மண்ணில் நிற்கிறதோ, அதில் ஒரு பங்கை நாங்கள் சட்டியில் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தோம்!

கரை பேசுது

நான்காம் நாள், வியாழக்கிழமை மத்தியானம். பள்ளம் 9 அடியைத் தாண்டிவிட்டது. வானம் மூட்டம். அப்பா ஏணியில் ஏறி மேலே வந்து பீடிக்குக்கூடக் கை நீட்டாமல், கரையில் கிடந்த மண்ணைக் காலால் ஒதுக்கினார். அடியில் ஒரு விரிசல். விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி, தலைமயிர் கனத்தில், ஆறேழு அடி நீளத்துக்கு ஓடியது. அவர் சைட் இஞ்சினீயரைப் பார்த்து, "சார், கரை பேசுது. இனிமே எறங்க முடியாது" என்றார்.

மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னும் ஒன்றரை அடிதான்யா! நாளைக்கு பெல்ட் கான்கிரீட்டுக்கு ஆள் சொல்லியாச்சு. வேலை முடிச்சாத்தான் கூலி" என்றார். அவர் மேல் மட்டும் தப்புச் சொல்லி என்ன? அவருக்குக் கான்ட்ராக்டர் பேசியது வெட்டிய யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று. முட்டுக்கட்டைக்கும் பலகைக்கும் அதில் ஒரு பைசா கிடையாது. முட்டு வைத்தால் அவர் கைக்காசு போகும்.

அப்பாவோடு இருந்த நான்கு பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு சாக்கடைக் குழாய்ப் பள்ளத்தில் கரை சரிந்து, அவரோடு ஊரிலிருந்து வந்த சித்தப்பா முறைக்காரர் ஒருவர் அங்கேயே போய்விட்டார். ஆழம் ஏழடிதான். ஒரு கன மீட்டர் களிமண் 1.8 டன். மார்பு வரை மூடினாலே போதும், மூச்சு விட மார்பு விரியாது. அன்றைக்கும் "இன்னும் கொஞ்சம்தான்" என்றுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் டிரெயினி. என் பேச்சுக்கு அங்கே மதிப்பு இல்லை. நோட்டில் போட்டிருந்த 2.97 மீட்டர் கணக்கைச் சைட் இஞ்சினீயரிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார், கண்ணாடித் துண்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். காலையிலேயே மாமி சொல்லிவிட்டிருந்தார், கண்ணாடி உடைந்துவிட்டது என்று. அவர் சைட் ஆர்டர் புக்கை எடுத்து நின்றபடியே எழுதினார்: 'கரையில் விரிசல். முட்டு கொடுக்கும்வரை பள்ளத்தில் யாரும் இறங்கக் கூடாது.' தேதி, மணி, கையெழுத்து. பிறகு மேஸ்திரியிடம், "இன்னைக்கு இவங்களுக்கு முழுக் கூலி போடுங்க. வெட்டற வேலை இல்லை, முட்டு கட்டற வேலை. எதுவா இருந்தாலும் என் பேர்ல எழுதிக்குங்க" என்றார்.

சவுக்குக் கட்டையும், சென்ட்ரிங் பலகையும் இருந்ததை வைத்து, மாமி வீட்டுப் பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழாக முட்டுக் கொடுக்க முடிந்தது. மேல் முட்டு முதலில், அதன் பாதுகாப்பில் நின்றுகொண்டு அடுத்தது. இதுதான் முறை. கரையிலிருந்த மண்ணை முன்பக்கம் தள்ளினார்கள். இருட்டிவிட்டது. எதிர்க் கரைக்குக் கட்டை பற்றவில்லை.

அன்று ராத்திரி இரண்டு மணி நேரம் நல்ல மழை. வெள்ளிக்கிழமை காலை நாங்கள் போனபோது முட்டு வைக்காத எதிர்க் கரை ஒரே துண்டாக உட்கார்ந்திருந்தது. டேப் பிடித்து அளந்தேன்: 6 அடி நீளம், 7 அடி உயரம், 2 அடி கனம். 84 கன அடி. நாலு டன்னுக்கு மேல். முந்தின நாள் மத்தியானம் அப்பா குனிந்து வெட்டிக்கொண்டிருந்த இடம் அது.

மாமி வீட்டுப் பக்கம் முட்டு வளைந்திருந்தது. ஆனால் நின்றது. சுவரும் நின்றது.

அப்பா ஒன்றும் பேசவில்லை. டீக்கடைக்குப் போய் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். "நீ எழுதிக் குடுத்த கணக்கப் பாத்துட்டுத்தான் சார் நிறுத்துனாரா?" என்று கேட்டார். "இல்லப்பா, நீ காட்டின விரிசலைப் பாத்து" என்றேன். உண்மையும் அதுதான். கணக்கு பேப்பரில் இருந்தது. விரிசல் கண்ணெதிரே இருந்தது.

பிறகு அந்த சம்ப் என்ன ஆயிற்று? 10½ அடி ஆழத்துக்குப் போகவே இல்லை. அந்தக் குழியை மண் நிரப்பிக் கெட்டித்துவிட்டு, கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில், பைல் கேப்புகளுக்கு நடுவே, இரு மடங்கு பரப்பில் 5½ அடி ஆழத்துக்கு வேறு சம்ப் கட்டினார்கள். கொள்ளளவில் குறைவு ஒன்றுமில்லை. ஆழத்தை அகலமாக மாற்றினார்கள், அவ்வளவுதான். டிராயிங் போடும்போதே இதை யோசித்திருந்தால் ஒரு கட்டைகூட வேண்டியிருந்திருக்காது.

ஊர் பெரிது, பாடம் ஒன்று

நம் ஊர் மேஸ்திரிதான் இப்படி, வெளிநாட்டில் எல்லாம் பக்காவாகச் செய்வார்கள் என்று நினைக்காதீர்கள். ஷாங்காயில் 2009 ஜூன் 27 அன்று 13 மாடிக் கட்டிடம் ஒன்று உடையாமல் அப்படியே மல்லாந்து விழுந்தது. ஒரு பக்கம் கார் நிறுத்தத்துக்கு 4.6 மீட்டர் பள்ளம். வெட்டிய மண் மறு பக்கம் 10 மீட்டர் உயரம் வரை குவியல். இளகிய மண்ணில் ஒரு பக்கம் பாரம், ஒரு பக்கம் வெறுமை. அடியிலிருந்த பைல்கள் முறிந்தன. ஒரு தொழிலாளி இறந்தார்.

சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கோல் நெடுஞ்சாலை அருகே ரயில் சுரங்கப் பாதைக்காகத் தோண்டிய, சுமார் 30 மீட்டர் ஆழமான பள்ளம் இடிந்தது. கடல் களிமண். இரும்பு முட்டுகளின் இணைப்பு தாங்கவில்லை. நால்வர் இறந்தார்கள். கருவிகள் முன்பே எச்சரித்திருந்தன. சுவரின் நகர்வு வரம்பைத் தாண்டியிருந்தது. அங்கே இருந்தவை விலை உயர்ந்த இன்க்ளினோமீட்டர்கள். இங்கே மாமி வீட்டில் ஒரு கண்ணாடித் துண்டு. எதுவானாலும், அது சொல்வதைக் கேட்கிற ஆள் வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டியிருந்த சுமார் 50 அடிப் பள்ளத்தின் கரை மழையில் சரிந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். தண்ணீரையும் சேற்றையும் இறைத்து அவர்களை மீட்கவே நான்கு நாட்கள் ஆயின. இங்கேயிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம்தான்.

அடுத்த வருஷம் நாம்

நண்பர்களே! அடுத்த வருஷம் இந்நேரம் நம்மில் பாதிப்பேர் ஏதாவது ஒரு சைட்டில் தலையில் ஹெல்மெட்டோடு நிற்போம். டிகிரி படித்தவர் ஆபீசில் இருப்பார். ஓனர் வாரத்துக்கு ஒரு தரம் காரில் வந்து போவார். பள்ளத்தின் விளிம்பில் நிற்கப் போகிறவன் டிப்ளமோக்காரன்தான். "இறங்கு" என்று சொல்லும் வாயும், "இறங்காதே" என்று சொல்லும் வாயும் நம்முடையதுதான்! ஆகவே ஐந்தே விஷயங்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: தினம் காலையில் ஆட்கள் இறங்கும் முன் விளிம்பைச் சுற்றி ஒரு தரம் நடந்து பாருங்கள். மழைக்குப் பிறகு கட்டாயம். கரையில் கிடக்கும் மண்ணையும் ஒதுக்கிப் பாருங்கள். விரிசல் அதற்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்.

இரண்டு: தோண்ட ஆரம்பிக்கும் முன்பே பக்கத்து வீட்டுச் சுவர்களை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அவர்கள் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று ஒரு சின்னக் குழி எடுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டார் கதவு உரசுகிறது என்றால் அது சண்டைக்கு வந்த பேச்சு இல்லை. ஓசியில் கிடைத்த ரீடிங்!

மூன்று: பம்பு போட்டுத் தண்ணீர் இறைத்துவிட்டால் பயம் தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். களி தண்ணீரை மெதுவாகத்தான் விடும். பள்ளம் உலர்ந்து தெரியும்போதும் கரைக்குள் ஈரம் இருக்கும். நீண்ட நாள் இறைத்தால் அக்கம்பக்கத்துத் தரையும் அமுங்கலாம்.

நான்கு: எஸ்டிமேட் போடும்போது முட்டுக்கும் பலகைக்கும் தனி வரி போடுங்கள். மத்தியப் பொதுப்பணித் துறை ரேட் புத்தகத்தில் டிம்பரிங்குக்கு ஆழவாரியாகத் தனி ஐட்டமே இருக்கிறது. காசு ஒதுக்காத இடத்தில் கட்டை வராது. மேஸ்திரியைத் திட்டிப் பயன் இல்லை.

ஐந்து: கரை சரிந்து யாராவது மாட்டிக்கொண்டால், பதறிப்போய் நாமும் குதிக்கக் கூடாது, ஜேசிபி பக்கெட்டை விட்டுக் கிளறவும் கூடாது. மற்ற கரை விழாமல் பார்த்துக்கொண்டு, தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டு, கையால்தான் மண்ணை விலக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. கீழே நிற்கிற மண் வேலைக்காரர் "சரியில்ல சார்" என்றால் அவர் சோம்பேறித்தனம் பண்ணுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் உள்ளங்கையில் ஒரு லேப் இருக்கிறது. நமக்கு ஃபார்முலா தெரியும்; அவருக்கு மண் தெரியும். இரண்டும் பேசிக்கொண்டால் சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். நம் செட்டில் என்னைப் போல மண் வேலை, சித்தாள் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறோம். இந்தப் பேச்சை ஆரம்பிக்க நம்மைவிடத் தகுதியானவர் யார்?

ஃபைனல் இயர் நண்பர்களுக்கு வாழ்த்துக்கள். எல்லோருக்கும் நல்ல வேலை கிடைக்கட்டும். கையில் ஆர்டர் புக் வந்ததும் அதில் எழுதத் தயங்காதீர்கள். ஒரு வரி போதும். தேதி, மணி, கையெழுத்து போட மறக்காதீர்கள்!

— மூன்றாம் ஆண்டு, சிவில்